சேற்றுத் துறை

பலெர்மோ நகரத்தின் வடக்கே, இரண்டு மலைகளுக்கு நடுவில் பிறைபோல வளைந்து கிடக்கும் குடாவுக்கு மொண்டெல்லோ என்று பெயர். தென்கிழக்கில் பெல்லெகிரீனோ மலை, வடமேற்கில் காலோ மலை. இரண்டும் சுண்ணாம்புக் கல் மலைகள். காலோ மலை வடமேற்கிலிருந்து வருகிற காற்றை மறித்துவிடுவதால், வெளிக்கடல் குமுறுகிற நாட்களிலும் குடாவுக்குள் தண்ணீர் பெரும்பாலும் அடங்கியே கிடக்கும். வெள்ளை மணல். இடுப்பளவு ஆழத்துக்கே வெகுதூரம் நடக்கவேண்டும். காரைநகர் கசூரினாவைப் பார்த்தவர்களுக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை.

சுற்றுலாக் கையேடுகள் எல்லாம் இதைப் 'பழைய மீனவக் கிராமம்' என்றுதான் சொல்கின்றன. பொய் இல்லை. ஆனால் இன்று அஞ்சலட்டையில் வருகிற மொண்டெல்லோவுக்கு, அதாவது மணலும் வில்லாக்களும் கடலுக்குள் நிற்கும் மஞ்சள் மாளிகையும் சேர்ந்த மொண்டெல்லோவுக்கு, வயது நூற்றுச் சொச்சம்தான். அதற்கு முன்னர் இந்த மணலுக்குப் பின்னால் இருந்தது சதுப்பு. அரபு மொழியில் இந்த இடத்துக்கு மர்ஸா அத்-தீன் என்று பெயர் இருந்ததாக வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். சேற்றுத் துறை என்று பொருள். தமிழ் ஊர்ப்பெயராகவே அது என் காதில் விழுந்தது. பருத்தித்துறை, ஊர்காவற்றுறை, சேற்றுத்துறை.

அரபுப் பெயர் எப்படி வந்தது என்று தெரியாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். 831இலிருந்து 1072 வரை பலெர்மோ முஸ்லிம்களின் ஆட்சியில் இருந்தது. 973இல் வந்த இப்னு ஹவ்கல் என்ற பயணி, நகரத்துப் பள்ளிவாசல்களின் எண்ணிக்கையைக் கண்டு வியந்து எழுதியிருக்கிறார். பின்னர் நோர்மன்கள் பிடித்தார்கள். பிடித்தவர்கள் அரபு அறிஞர்களை விரட்டவில்லை, அரசவையில் வைத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் அல்-இத்ரீசி. இரண்டாம் ரோஜர் மன்னன் கேட்டுக்கொண்டபடி உலகம் முழுவதையும் விவரிக்கும் ஒரு நூலையும் அதற்கான வரைபடங்களையும் 1154இல் அவர் முடித்துக் கொடுத்தார். அந்த வரைபடத்தில் தெற்கு மேலே இருக்கும். அதில் செரண்டீப் என்ற பெயரோடு நமது தீவும் உண்டு.

இத்ரீசி இலங்கைக்குப் போனதில்லை. துறைமுகத்தில் வந்திறங்கிய வணிகர்களிடமும் பழைய நூல்களிலும் கேட்டறிந்ததைத்தான் எழுதினார். செரண்டீப் அரசனுக்குப் பதினாறு ஆலோசகர்கள் என்றும், அவர்களில் நால்வர் அவனுடைய சொந்த மதத்தவர், நால்வர் கிறிஸ்தவர், நால்வர் முஸ்லிம்கள், நால்வர் யூதர் என்றும் சொல்கிறார். பொலநறுவையில் முதலாம் பராக்கிரமபாகு அரியணை ஏறிய காலம் அது. இந்தப் பதினாறு பேர் கணக்கை நான் அப்படியே நம்பவில்லை. கிறிஸ்தவ மன்னனின் சபையில் இருந்துகொண்டு எழுதிய ஒரு முஸ்லிம், எல்லா மதத்தவரையும் சரிசமமாக உட்காரவைக்கும் அரசன் ஒருவனை உலகத்தின் மறுகோடியில் கற்பனை செய்துகொண்டிருக்கலாம். எப்படியானாலும், பலெர்மோவில் எழுதப்பட்ட ஒரு நூலில் நமது தீவு இடம்பெற்று எண்ணூற்று எழுபது ஆண்டுகளாகின்றன. அந்தத் தீவின் மனிதர்கள் கூட்டமாக இங்கே வந்திறங்கி நாற்பது ஆண்டுகள் ஆகின்றன.

மொண்டெல்லோவின் சதுக்கத்தில் ஒரு வட்டக் கோபுரம் நிற்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டுக்குரியது என்பார்கள். இப்போது சுற்றிவர உணவகங்களின் நாற்காலிகள். வட ஆபிரிக்கக் கரையிலிருந்து வரும் கடற்கொள்ளையரைப் பார்த்து எச்சரிப்பதற்காக சிசிலி முழுவதும் இப்படிக் கோபுரங்கள் இருந்தன. ஒன்றில் புகை எழுந்தால் அடுத்தது பார்க்கும், அதைப் பார்த்து அதற்கடுத்தது. மொண்டெல்லோக் கோபுரத்துக்கு இன்னொரு பொறுப்பும் இருந்தது. அது சூரைமீன் பண்ணையின் காவல்.

இந்தச் சூரைமீன் பிடிப்பைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். இத்தாலியில் அதற்குத் தொன்னாரா என்று பெயர். வசந்தகாலத்தில், இருநூறு முந்நூறு கிலோ எடைகொண்ட பெருஞ்சூரைகள் முட்டையிடுவதற்காக அத்திலாந்திக்கிலிருந்து மத்தியதரைக் கடலுக்குள் நுழைகின்றன. கரையோரமாக வருகிற மீனை மறிப்பதற்குக் கரையிலிருந்து கடலுக்குள் நீளமாக ஒரு வலைச்சுவர். மறிபட்ட மீன் ஆழத்தை நோக்கித் திரும்பும். திரும்புகிற இடத்தில் வலையாலேயே கட்டிய அறைகள், ஒன்றுக்குப் பின் ஒன்றாக. கடைசி அறைக்கு மட்டும்தான் அடியிலும் வலை. அதற்குப் பெயர் சாவறை. சுற்றிவர நீண்ட படகுகளை நிறுத்தி, அடிவலையைக் கையால் இழுத்து இழுத்து மேலே கொண்டுவருவார்கள். யாழ்ப்பாணக் கடல்நீரேரியில் சிறகுவலை பாய்ச்சியிருப்பதைக் கண்டவர்களுக்குத் தத்துவம் உடனே பிடிபடும். மீனைத் துரத்தாமல், மீனின் பழக்கத்தையே அதற்கு வழிகாட்டியாக்குவது. அங்கே இடுப்பளவு தண்ணீரில் இறாலுக்கும் நண்டுக்கும், இங்கே பல பாகம் ஆழத்தில் மாட்டளவு மீனுக்கு.

வலைக்குப் பொறுப்பானவனை ரைஸ் என்று அழைத்தார்கள். தலைவன் என்ற பொருள்தரும் அரபுச் சொல். ஆட்சி போய்த் தொள்ளாயிரம் வருடத்துக்குப் பிறகும் சொல் கடலில் மிதந்துகொண்டிருந்தது. இழுக்கும்போது பாடுகிற பாட்டுக்கு சாலோமா என்று பெயர். ஒருவன் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடி இழுப்பது. நமது கரைவலைக்காரரின் அம்பாவும் அதே மூச்சில் பிறந்ததுதான். ஆனால் கரையில் அது எல்லாருக்கும் பொதுவான மீன் அல்ல. தொன்னாராக்கள் பிரபுக்களுக்கும் திருச்சபைக்கும் பெருவணிகருக்கும் சொந்தமானவை. வலையில் நின்றவர்கள் கூலிக்கும் மீனில் ஒரு சிறு பங்குக்கும் நின்றார்கள். மொண்டெல்லோ 'மீனவக் கிராமம்' என்று சொல்லும்போது, கடலுக்குச் சொந்தக்காரர் வேறு, கடலில் இறங்கியவர் வேறு என்ற இந்த விஷயத்தைக் கையேடுகள் தவிர்த்துவிடுகின்றன. சிசிலிக்கு மேற்கேயுள்ள ஃபவிஞ்ஞானாத் தீவில் 2007 வரை இந்த மீன்பிடி நடந்தது. மொண்டெல்லோவில் அது எப்போதோ அடங்கிவிட்டது.

கிராமம் ஏன் பெருக்கவில்லை என்பதற்குக் காரணம் பின்னாலிருந்த சதுப்பு. இரண்டு மலைகளிலிருந்தும் வழிந்த நீர் கடலுக்குப் போக வழியில்லாமல் தேங்கியது. தேங்கிய நீரில் காய்ச்சல் இருந்தது. இத்தாலியர் அந்தக் காய்ச்சலுக்கு வைத்த பெயரைத்தான் உலகம் இன்றும் சொல்கிறது. மலேரியா என்றால் கெட்ட காற்று. சதுப்பின் ஆவிதான் ஆளைக் கொல்கிறது என்று நம்பினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்செஸ்கோ லான்சா தி ஸ்காலேயா என்ற பிரபு, வாய்க்கால் வெட்டி இந்தச் சதுப்பை வடியவைத்தார். அதே ஆண்டுகளில்தான் உண்மையும் வெளியே வந்தது. 1897 ஓகஸ்டில் செகந்தராபாத்தில் ரொனால்ட் ரோஸ் நுளம்பின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்டார். அடுத்த ஆண்டு ரோமில் ஜொவான்னி பத்திஸ்தா கிராஸி, மனிதருக்கு அதைக் கடத்துவது அனோபிலிஸ் நுளம்பு என்று நிரூபித்தார். யார் முதலில் என்று இருவரும் சாகும்வரை சண்டை பிடித்தார்கள். தண்ணீர் வடிந்தது காற்றுக்குப் பயந்து. ஓடியது நுளம்பு.

இதை வாசித்தபோது எனக்கு 1934-35 நினைவு வந்தது. அந்த இரண்டு ஆண்டுகளில் இலங்கையில் மலேரியா ஆயிரமாயிரமாகக் கொன்றது. கிராஸிக்கும் ரோஸுக்கும் முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு! அறிவு ஓரிடத்தில் பிறந்துவிட்டால் போதாது. வாய்க்கால் வெட்டப் பணமும், வெட்டினால் இலாபம் வருமென்று கணக்குப்போட ஒருவனும் வேண்டும்.

மொண்டெல்லோவுக்குக் கணக்குப்போட்டவர்கள் பெல்ஜியத்திலிருந்து வந்தார்கள். 1910ஐ ஒட்டி, ட்ராம் வண்டிகள் ஓட்டும் ஒரு பெல்ஜிய நிறுவனத்துக்கு இந்தக் கரை ஒப்படைக்கப்பட்டது. பலெர்மோவிலிருந்து மின்சார ட்ராம், வீதிகள், தோட்டத்தோடு கூடிய வில்லாக்கள், கடற்குளிப்பு மாளிகை. காய்ச்சல் பூமி ஒன்றை ஐரோப்பியப் பணக்காரரின் கோடைகாலமாக மாற்றும் திட்டம். மாளிகையை ருடோல்ஃப் ஸ்டுவால்கெட் வடிவமைத்தார். கடலுக்குள் தூண்களை நட்டு அதன்மேல் எழுப்பி, 1913இல் திறந்தார்கள். பெல்ஜியத்தின் ஒஸ்தெண்ட் கடற்கரைக்கென்று வரைந்த படம் அங்கே வேண்டாமென்று போய்விட, இங்கே கட்டினார்கள் என்று ஒரு கதையும் உண்டு. உண்மையோ பொய்யோ, பார்த்தால் நம்பத்தோன்றும். கடற்குதிரைகளும் பூதங்களும் அலங்கரிக்கும் அந்த மஞ்சள் கட்டடம், சிசிலிக்கு வழிதவறி வந்த வடக்குக் கரை விருந்தாளி மாதிரித்தான் நிற்கிறது. ஐரோப்பாவில் முதலாம் உலகப்போர் வெடிப்பதற்கு ஒரு வருடம் முன்பு திறந்த மாளிகை அது.

கூடவே மரத்தாலான குடில்கள் வந்தன. கோடை தொடங்கும்போது மணலில் வரிசை வரிசையாக எழுந்து, செப்டெம்பரில் கழற்றப்படுபவை. உடை மாற்றவும் மதியம் சாப்பிடவும் சீட்டு விளையாடவும் குடும்பங்கள் பருவம் முழுவதற்கும் அவற்றை வாடகைக்கு எடுக்கும். பலெர்மோவின் நடுத்தரவர்க்கத்துக்குக் குடில் வைத்திருப்பது ஓர் அந்தஸ்து. சில குடில்கள் தாயிடமிருந்து மகளுக்குப் போயிருக்கின்றன. இத்தாலியச் சட்டப்படி கடற்கரை அரசுக்குரிய பொதுநிலம், விற்க முடியாது, உரிமம்தான் கொடுக்கலாம். தண்ணீரைத் தொடுகிற ஈரமணலுக்கு எவரும் போகலாம், அதற்கு வழிவிட வேண்டுமென்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் உண்டு. ஆனால் குடில் வரிசைகளுக்கு நடுவே நடந்து பார்த்தவருக்குத் தெரியும், சட்டம் அனுமதிக்கிற வழியில் கண்கள் நிற்கும்.

1943 யூலையில் நேசநாட்டுப் படைகள் பலெர்மோவுக்குள் நுழைந்தன. மொண்டெல்லோவுக்கு அருகே, பெல்லெகிரீனோவின் கடலோரச் சரிவிலுள்ள அட்டாவுரா குகைகளில் வெடிமருந்து அடுக்கினார்கள். அது வெடித்தபோது சுவரில் படிந்திருந்த படலம் உதிர்ந்து, உள்ளே கல்லில் கீறிய மனித உருவங்கள் தெரிந்தன என்கிறார்கள். பத்தாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. வட்டமாக நின்று ஆடுகிறவர்கள், நடுவில் வளைந்து கிடக்கிற இருவர். ஆட்டமா, பலியா என்று இன்றும் தொல்லியலாளர் வாதாடுகிறார்கள். தொல்லியலாளர் யோலே போவியோ மார்க்கோனி இவற்றை 1950களின் தொடக்கத்தில் உலகுக்கு அறிவித்தார். கல் சரியும் ஆபத்தினால் குகைகள் பல ஆண்டுகளாக மூடிக் கிடக்கின்றன.

போருக்குப் பின் வந்த அழிவு இன்னும் மோசம். 1950களிலும் 60களிலும், சால்வோ லிமா நகரபிதாவாகவும் வீத்தோ சான்சிமினோ பொதுவேலைப் பொறுப்பாளராகவும் இருந்த காலத்தில், மாஃபியாவின் கட்டட ஒப்பந்தக்காரர்கள் நகரத்தின் அழகிய வில்லாக்களை இடித்துச் சீமெந்து அடுக்குமாடிகள் எழுப்பினார்கள். எர்னெஸ்தோ பாசிலே கட்டிய டெலியெல்லா வில்லா 1959இல் இரவோடிரவாக இடிக்கப்பட்டது. 'பலெர்மோச் சூறை' என்றே அதற்குப் பெயர். நகரத்தில் போனவற்றின் சாயல் மொண்டெல்லோவில் கொஞ்சம் தப்பியது. அந்த வில்லாக்களுக்குச் சுவர் துடைக்கவும் தரை கழுவவும் ஆட்கள் வேண்டியிருந்தார்கள்.

நமது ஆட்கள் 1980களில் வரத்தொடங்கினார்கள். இத்தாலியின் மற்ற நகரங்களில் இலங்கையர் என்றால் பெரும்பாலும் சிங்களவர். பலெர்மோவில் தமிழர்தான் அதிகம். ஏன் என்று கேட்டால் ஒரே பதில், முதலில் வந்தவன் தமிழன். அவன் தன் மச்சானை அழைத்தான். மச்சான் தன் ஊரை அழைத்தான். ஜெர்மனிக்கோ சுவிஸுக்கோ போகும் வழியில் தற்காலிகமாகத் தங்கியவர்களும் உண்டு. 1990 பெப்ரவரியில் இத்தாலி ஒரு சட்டம் கொண்டுவந்தது. 1989 டிசெம்பர் 31க்கு முன் நாட்டுக்குள் இருந்தவர்கள் பத்திரம் எடுக்கலாம் என்பது அதன் சாரம். அமைச்சர் மார்த்தெல்லியின் பெயரால் அழைக்கப்படும் அந்தச் சட்டத்தில்தான் என் சித்தப்பா மனிதரானார். இது அவருடைய சொல், என்னுடையது அல்ல.

அதே ஆண்டு யூனில் போர் மீண்டும் வெடித்து, வலிகாமம் வடக்கு வெறுமையானது. மயிலிட்டியில் சித்தப்பாவின் வீட்டில் என் சின்னம்மா அடுப்பில் சோற்றுப்பானையை வைத்தபடியே வெளிக்கிட்டார். உடுத்த உடுப்பு, ஒரு கைப்பை. மயிலிட்டி அறியாதவர்களுக்கு: வடக்கின் பெரிய மீன்பிடித் துறைமுகங்களில் ஒன்று, பிறகு இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயம். இருபத்தேழு ஆண்டுகள் கழித்து 2017இல்தான் துறைமுகம் திறந்துவிடப்பட்டது. மூன்று வருடம் அங்குமிங்கும் அகதியாக அலைந்த பிறகு, 1993இல் குடும்ப இணைவு விசாவில் சின்னம்மா பலெர்மோவில் இறங்கினார். 1996இலிருந்து மொண்டெல்லோவில் ஒரு வில்லாவில் வேலை.

2024 செப்டெம்பரில் டோட்முண்டிலிருந்து போய் அவர் வீட்டில் இரண்டு வாரம் நின்றேன். வேலைக்குப் போகும்போது நானும் கூடவே வெளிக்கிடுவேன். 806ஆம் இலக்கப் பேருந்து ஃபவோரித்தா பூங்காவை ஊடறுத்துப் போகிறது. நெப்போலியனின் காலத்துக் குழப்பத்தில் நேப்பிள்ஸிலிருந்து தப்பியோடி வந்த போர்போன் மன்னன் ஃபெர்டினன்ட் 1799இல் தனக்கென அமைத்த வேட்டைக்காடு அது. காலைப் பேருந்தில் பின்னிருக்கைகளில் தமிழும் சிங்களமும் கேட்கும், மொரிசியஸ்காரரின் கிரியோலும் கேட்கும். குளிக்கப் போகிறவர்கள் ஒன்பது மணிக்குப் பிறகு ஏறுவார்கள்.

வில்லாவின் சிக்னோரா இறந்து சில வருடமாகிறது. பிள்ளைகள் மிலானில். வீடு இப்போது வாரக்கணக்கில் பயணிகளுக்கு வாடகைக்குப் போகிறது. சனிக்கிழமைகளில் ஒரு கூட்டம் போய் அடுத்த கூட்டம் வருவதற்கு இடையிலுள்ள நாலு மணித்தியாலத்தில் ஐந்து அறைகளையும் சின்னம்மா ஒழுங்குபண்ண வேண்டும். சிக்னோரா இருந்த காலத்தில் கோடையில் மதியச் சாப்பாடு குடிலுக்குப் போகும். 'அனெல்லெத்தி' என்கிற வளையப் பாஸ்தாவைச் சுட்டு, தட்டோடு துவாயில் சுற்றி, மணலுக்குள்ளால் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, தட்டுத் திரும்பும்வரை குடிலின் நிழலில் நிற்பார்.

"சப்பாத்தோடயோ சின்னம்மா?"

"பின்ன? மண் சுடும். நான் என்ன குளிக்கவோ போனனான்."

இருபத்தெட்டு வருடத்தில் ஒருமுறைகூட அந்தத் தண்ணீரில் இறங்கவில்லையா என்று கேட்டேன். மகள் சின்னவளாக இருக்கும்போது காலை நனைத்ததாகச் சொன்னார். பிறகு, "தம்பி, உங்கட சித்தப்பாவும் அப்புவும் விடியப்புறம் மூண்டு மணிக்கு இறங்கின கடலைப் பாத்தனான். எனக்குக் கடலெண்டால் ஆள் திரும்பி வருமோ எண்டு நிக்கிற இடம். இவையள் அதுக்குப் பக்கத்தில படுத்து நித்திரை கொள்ளுகினம்," என்றார். கோபமாக இல்லை, ஆச்சரியமாகவே.

அவர் விருப்பத்தோடு போகிற இடம் கடற்கரைக்கு மேலே இருக்கிறது. பெல்லெகிரீனோ மலையின் உச்சிக்கு அருகே புனித ரொசாலியாவின் குகைக் கோயில். மலை சுமார் 600 மீட்டர் உயரம். பன்னிரண்டாம் நூற்றாண்டில், அதாவது இத்ரீசி வாழ்ந்த அதே பலெர்மோவில், பிரபு குடும்பத்துப் பெண் ஒருத்தி உலகத்தைத் துறந்து இந்தக் குகையில் தனித்திருந்து இறந்தாள் என்பது நம்பிக்கை. 1624இல் துனிசிலிருந்து வந்த ஒரு கப்பலோடு பிளேக் நகருக்குள் நுழைந்தது. அரசப் பிரதிநிதி எமானுவேலே ஃபிலிபெர்த்தோவே அதற்குப் பலியானார். அவருடைய ஓவியத்தைத் தீட்ட வந்திருந்த அன்ரனி வான் டைக் நகரத்துக்குள் மாட்டிக்கொண்டு, ரொசாலியாவின் படங்களைத் திரும்பத் திரும்ப வரைந்தார். அந்த யூலையில் குகைக்குள் எலும்புகள் கிடைத்தன. அடுத்த ஆண்டு யூனில் அவற்றை வீதிகளில் ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள். கொள்ளைநோய் விட்டது. அன்றிலிருந்து அவள் பலெர்மோவின் தாய். அந்த எலும்புகள் ஆட்டினுடையவை என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் வில்லியம் பக்லண்ட் என்ற ஆங்கிலப் புவியியலாளர் சொன்னதாக ஒரு கதை உண்டு. அதைச் சின்னம்மாவிடம் நான் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை.

ஞாயிறுகளில் குகையில் தமிழர் கூட்டம் குறைவதில்லை. கத்தோலிக்கர் மட்டுமல்ல, திருநீறு பூசியவர்களும் வருகிறார்கள். பலெர்மோக்காரருக்கும் ஆய்வாளருக்கும் இது பெரிய வியப்பு. பல கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள், 'மதங்களின் சங்கமம்' என்றெல்லாம். மடுவுக்குப் போன எவருக்கும் இதில் வியப்பில்லை. மடுமாதாவிடம் நேர்த்தி வைக்க முன்பு எவரும் தங்கள் மதத்தைக் கேட்டுக்கொண்டதில்லை. மலை, குகை, சொட்டுகிற நீர், உள்ளே படுத்திருக்கும் பொன்னுடை அம்மன். இத்தனையும் ஓரிடத்தில் இருந்தால் தமிழனுக்குக் கால் தானாகச் செருப்பைக் கழற்றும். 1787இல் ஜெர்மன் கவிஞர் கதே இந்தக் குகைக்கு வந்து, கூரையிலிருந்து சொட்டும் நீரை ஈயத் தகட்டுப் பீலிகள் ஏந்துவதையும் விளக்கொளியில் அந்தச் சிலையின் அழகையும் எழுதிவைத்தார். பீலிகள் இன்றும் இருக்கின்றன. அவற்றின் கீழே கண்ணாடிக்குப் பின்னால் தங்க நகைகள், குழந்தைகளின் படங்கள், கைவிரல் அளவு வெள்ளி உறுப்புகள்.

செப்டெம்பர் 4 அவளுடைய திருநாள். முதல்நாள் இரவே நகரம் நடந்து மலை ஏறத் தொடங்கிவிடும். எலும்புகள் கிடைத்த நானூறாவது ஆண்டு என்பதால் 2024இல் கூட்டம் அதிகம். சின்னம்மா முழங்கால் நோவோடு, ஒவ்வொரு வளைவிலும் இருந்து இருந்து ஏறினார். ஒரு வளைவில் மரங்கள் விலகி மொண்டெல்லோ கீழே தெரிந்தது. குடா முழுவதும் ஒரு கையகலம். அங்கே நின்று, வில்லாவின் கூரை எது என்று எனக்குக் காட்டித்தர முயன்றார். சிவப்பு ஓடுகள் எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. "இந்தத் தூரத்தில பார்க்க நல்லாத்தான் இருக்கு," என்றார்.

அவருடைய மகள் 1997இல் பலெர்மோவில் பிறந்தவள். இப்போது பொலோஞ்ஞாவில் வேலை. பலெர்மோக் கொச்சையை நாங்கள் யாழ்ப்பாணத்தமிழ் கதைக்கிற மாதிரிக் கதைப்பாள். கோடையில் வந்தால் மொண்டெல்லோவுக்குப் போய்ப் பகல் முழுவதும் தண்ணீரில் கிடப்பாள், சதுக்கத்தில் நின்று கடலை மாவில் பொரித்த பனெல்லேயைப் பாணுக்குள் வைத்துச் சாப்பிடுவாள். அவளுக்கு அது சொந்த ஊர்க் கடற்கரை, வேறொன்றும் இல்லை. ஆனால் அந்த ஊர் அவளைத் தன்னுடையவள் என்று ஏற்கப் பதினெட்டு வருடம் எடுத்தது. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வெளிநாட்டவரின் பிள்ளை இத்தாலியிலேயே பிறந்தாலும் குடியுரிமை கிடையாது. பதினெட்டு முடிந்து பத்தொன்பதுக்குள் கேட்கவேண்டும். பிறந்த நாளிலிருந்து இடைவிடாமல் இங்கேயே வாழ்ந்ததாகக் காட்டவேண்டும். பெரியவர்கள் என்றால் பத்து வருட வதிவு. அந்தப் பத்தை ஐந்தாகக் குறைக்கக் கேட்டு 2025 யூனில் நடந்த பொதுவாக்கெடுப்பில் பாதிப் பேர்கூட வாக்களிக்க வராததால் அது செல்லாமற்போயிற்று.

இடைவிடாமல் வாழ்ந்ததை எப்படிக் காட்டுவது? அதற்காகத்தான் சின்னம்மா ஒரு தாளையும் எறியவில்லை. குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே ஒரு டென்மார்க் பிஸ்கற் தகரப்பெட்டி. மகளின் விண்ணப்பம் 2015இல் அந்தப் பெட்டியால்தான் நிறைவேறியது. நான் கேட்டதும் இறக்கித் தந்தார். மாலை முழுவதும் சாப்பாட்டு மேசையில் பரப்பி ஒவ்வொன்றாகப் படமெடுத்தேன். பலெர்மோவின் தமிழர் வரலாற்றை எழுத வேறு என்ன ஆவணம் எங்கே இருக்கிறது? முதல் தலைமுறையில் பலர் ஜெர்மனிக்கும் இங்கிலாந்துக்கும் மாறிப்போய்விட்டார்கள். மாறிப்போகும்போது எறிந்துவிட்டுப் போவதும் இவற்றைத்தான்.

பெட்டிக்குள் சித்தப்பாவின் 1990ஆம் ஆண்டு வதிவிடப் பத்திரம் இருந்தது, மடிப்புகளில் கிழிந்து. தடுப்பூசி அட்டைகள். பாலர் பாடசாலை அனுமதி. மூன்று மாதத்துக்கொரு முறை கட்டிய சமூகக்காப்புப் பற்றுச்சீட்டுகள், வருடவாரியாக இறப்பர் வளையம் போட்டு. சில வருடங்களின் கட்டுகளில் நாலுக்குப் பதிலாக இரண்டு சீட்டுத்தான். கோடையில் மட்டும் பதிந்து வேலைவாங்கிய காலம் அது என்றார். மிகுதி மாதங்களிலும் வேலை இருந்ததா என்று கேட்டேன். "இருந்தது," என்றுவிட்டு வளையத்தைத் திரும்பப் போட்டார். ஓய்வூதியத்துக்கு அந்த மாதங்கள் கணக்கில் வராது. இன்னும் மூன்று வருடம் அவர் 806இல் ஏறவேண்டும்.

அடியில் முதல் வேலை ஒப்பந்தம், 1996. ஒரே ஒரு தாள். வேலை கொடுப்பவரின் முகவரி மொண்டெல்லோ. அதற்குக் கீழே, வேலை செய்பவரின் பிறந்த இடம். எழுத்தர் மயிலிட்டி என்று எழுத முயன்று, இரண்டு தரம் வெட்டி, மூன்றாம் தரம் வெட்டாமல் விட்டதும் சரியாக வரவில்லை. மேலே பென்சிலால், சின்னம்மாவின் கையெழுத்தில், தமிழில் ஊர்ப்பெயர் எழுதியிருந்தது.